ருசியும் உரிமையும்: லண்டன் கடைத்தெருக்களில் ஒரு சனிக்கிழமை

நோர்வேயில் இருந்து வந்திருந்த நண்பர் ஒருவரோடு, போன மாரியில் ஒரு சனிக்கிழமை சாமான் வாங்கப் புறப்பட்டேன். அவர் கையில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. பாதி மனைவி எழுதிக் கொடுத்தது. மீதி அவராகச் சேர்த்துக்கொண்டது. ஈரப்பலாக்காய், யூதர்கள் புகையூட்டும் சல்மன் மீன், இத்தாலியச் சீஸ், வறுத்த கோப்பிக் கொட்டை, கடைசியாக எங்கள் ஒடியல் மா, குரக்கன் மா, மாசிக் கருவாடு. இருவருக்கும் அன்று வேறு வேலை இல்லை. பிறிக்ஸ்ரனில் தொடங்கி, கிழக்கு லண்டன் பிறிக் லேனுக்குப் போய், சோகோவுக்குத் திரும்பி, இரவுக்குள் ரூட்டிங் வந்து சேருவதென்று தீர்மானித்தோம்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நண்பர் தொடங்கினார்: "ஐசே, நாங்கள் வந்த புதுசிலை கறி காய்ச்சினால் மேல்வீட்டுக்காரன் மணக்குது எண்டு சண்டைக்கு வருவான். இப்ப அவையளே தேடிவந்து தின்னினம். இனி எங்களை ஆர் என்ன செய்யப்போகினம்?"

இது நண்பருடைய தனிக் கருத்தன்று. எங்களுடைய ஒன்றுகூடல்களில், வடையும் தேநீரும் பரிமாறப்படும் இடைவேளைகளில், இந்த வாதம் பலமுறை காதில் விழுந்திருக்கிறது. அவர்களுடைய நாக்கை வென்றால் மனத்தையும் வென்றுவிடலாம் என்பது இதன் சாரம். பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சராக இருந்த றொபின் குக் 2001 ஏப்ரலில் ஆற்றிய ஓர் உரையில், சிக்கின் ரிக்கா மசாலாவை இந்நாட்டின் உண்மையான தேசிய உணவு என்றே வர்ணித்தார். அடுத்த மாதம் ஓல்ட்ஹாமில் கலவரம் வெடித்தது. யூனில் பேர்ன்லி. யூலையில் பிராட்போர்ட். மூன்றும் தெற்காசியர் செறிந்து வாழும் நகரங்கள். மூன்றிலும் கறிக் கடைகளுக்குக் குறைவில்லை.

இதை நண்பருக்குச் சொன்னேன். "அது தற்செயல்" என்றார். தற்செயலா இல்லையா என்பதை அன்றைய கடைகளுக்கூடாகவே பார்த்துக்கொண்டு போனோம். இந்தக் கட்டுரை அந்த நாளின் கதை.

1

பிறிக்ஸ்ரன் சந்தையின் நடுவே போகும் தெருவுக்கு எலெக்ரிக் அவெனியூ என்று பெயர். 1880களில் மின்விளக்குப் போடப்பட்ட கடைத்தெரு என்பதால் வந்த பெயர். காலை பத்து மணிக்கே மீன்பெட்டிகள் திறந்திருந்தன. வாழைக்காய்ச் சீப்புகளும் யாம் கிழங்குகளும் பெரிய பூசணித் துண்டங்களும் குவிந்து கிடந்தன. ஈரப்பலாக்காயைக் கண்டதும் நண்பர் சின்னப் பிள்ளையாகிவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தார். ஜமெய்க்காவைச் சேர்ந்த கடைக்கார அம்மா, இதை முழுசாகத் தணலில் போட்டுச் சுட வேண்டும் என்றார். தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்குவோம் என்று நண்பர் சொன்னார். ஒருவர் சமையலை மற்றவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஈரப்பலா கரிபியனுக்குப் போன கதையை எல்லோரும் பாதிதான் அறிந்திருப்பார்கள். 1789இல் 'பவுன்ரி' என்ற கப்பலில் நடந்த கிளர்ச்சியைப் படமாகப் பார்த்திருக்கிறோம். அந்தக் கப்பல் தாஹிற்றியில் இருந்து ஏற்றிக்கொண்டு போனது ஈரப்பலாக் கன்றுகளைத்தான் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த அடிமைகளுக்கு மலிவாகத் தீனி போட ஒரு மரம் தேவைப்பட்டது. முதல் முயற்சி கிளர்ச்சியில் முடிந்தது. அதே தளபதி பிளை இரண்டாம் முறை புறப்பட்டு, 1793இல் சென் வின்சன்ரிலும் ஜமெய்க்காவிலும் கன்றுகளை இறக்கினார். யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அவர்கள் தொடக்கத்தில் அதை விரும்பவில்லை.

பக்கத்துக் கடையில் உப்பிட்ட கொட் மீன் தொங்கியது. வட அத்திலாந்திக்கில் பிடித்து உப்பிட்ட மீனில் தரம் குறைந்தது மேற்கிந்தியத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டது. அதோடு சேர்த்துச் சமைக்கும் அக்கி என்ற பழம் மேற்கு ஆபிரிக்காவில் இருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்தது. அதன் தாவரவியற் பெயரில் அதே தளபதி பிளையின் பெயர் ஒட்டியிருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்ததுதான் இன்று ஜமெய்க்காவின் தேசிய உணவு. அடிமைச் சாப்பாடு என்று கொடுக்கப்பட்டதைத் தங்களுடைய சாப்பாடாக மாற்றி எடுத்த மக்கள் அவர்கள்.

அந்த மக்களில் ஒரு பகுதியினர் 1948 யூன் 22இல் 'எம்பயர் விண்ட்றஷ்' கப்பலில் ரில்பரித் துறைமுகத்துக்கு வந்து இறங்கினார்கள். தங்க இடமில்லாத இருநூறுக்கு மேற்பட்டோர் கிளப்பம் சவுத்தில் நிலத்துக்கடியில் இருந்த யுத்தகாலப் பதுங்கிடத்தில் வைக்கப்பட்டார்கள். கிட்ட இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிறிக்ஸ்ரனில் இருந்தது. இந்தச் சந்தை கரிபியன் சந்தையானது அப்படித்தான். 1981 ஏப்ரலில் இதே தெருக்கள் எரிந்தன. கறுப்பு இளைஞர்களை வீதியில் மறித்துச் சோதித்த பொலிசாரின் நடவடிக்கை அதற்கு உடனடிக் காரணம். அன்றைக்கும் இங்கே வாழைக்காய் விற்றது. 2018இல், பிள்ளைகளாக இந்நாட்டுக்கு வந்து அறுபது எழுபது வயதான கரிபியன் மக்கள் பத்திரம் இல்லை என்ற காரணத்தால் வேலையையும் வைத்தியத்தையும் இழந்த செய்தி வெளிவந்தது. நாடுகடத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். இன்று இச்சந்தையின் கூரையிட்ட பகுதியில் வைனும் விலைகூடிய கோப்பியும் விற்கும் கடைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் வாடகையைப் பழைய கிழங்குக் கடைகளும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நண்பர் இரண்டு ஈரப்பலாக்காய் வாங்கினார். பை கனத்தது.

2

லிவர்பூல் ஸ்ரீற்றில் இறங்கி பிறிக் லேனுக்கு நடந்தோம். அத்தெருவில் ஒரு மூலைக் கட்டடம் இருக்கிறது. 1743இல் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகளான ஹியூகனோக்களின் தேவாலயமாகக் கட்டப்பட்டது. 1819இல் மெதடிஸ்தரின் கையில் போனது. 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடமானது. 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலானது. ஆங்கிலத்தில் அகதி என்பதற்கு இருக்கும் சொல்லே, 1685இல் லூயி மன்னன் நான்ற் கட்டளையை இரத்துச் செய்தபின் இங்கே ஓடிவந்த ஹியூகனோக்களோடு பிரெஞ்சிலிருந்து வந்த சொல். நாங்கள் விண்ணப்பப் படிவங்களில் எழுதி எழுதித் தேய்ந்த சொல் இந்தத் தெருக்களில் புழங்கி வளர்ந்தது.

இருபத்துநாலு மணித்தியாலமும் திறந்திருக்கும் பேகல் கடையில் வரிசை நின்றது. மாவை வளையமாக்கி, தண்ணீரில் அவித்து, பிறகு போறணையில் போட்டெடுக்கிற பாண் இது. உப்பிட்ட மாட்டிறைச்சியும் கடுகும் வைத்து ஆளுக்கொன்று வாங்கி, தெருவோரத்தில் நின்று சாப்பிட்டோம். நண்பருக்குக் கடுகு தலைக்கேறிக் கண்ணீர் வந்தது.

1881இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டதைத் தொடர்ந்து யூதர்களுக்கெதிராக வன்செயல்கள் நடந்தன. அதில் தப்பியவர்கள் பெருந்தொகையாகக் கிழக்கு லண்டனுக்கு வந்தார்கள். அவர்களுக்கெதிராக 1901இல் 'பிரித்தானியச் சகோதரர் கழகம்' என்ற அமைப்பு இப்பகுதியிலேயே தொடங்கப்பட்டு ஊர்வலங்கள் நடத்தியது. அந்தக் கிளர்ச்சியின் விளைவாக 1905இல் அந்நியர் சட்டம் நிறைவேறியது. சமாதான காலத்தில் இந்நாட்டுக்குள் ஆட்கள் வருவதைக் கட்டுப்படுத்திய முதலாவது நவீன சட்டம் அது. எங்களைக் குறுக்குவிசாரணை செய்த அதிகாரிகளின் வம்சவரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

அதே 1905இல், ஒடெசாவில் இருந்து வந்த ஃபோர்மன் குடும்பம் கிழக்கு லண்டனில் சல்மன் மீனைப் புகையூட்டி விற்கத் தொடங்கியது. தொடக்கத்தில் பால்டிக் கடல் மீனை உப்புநீர்ப் பீப்பாக்களில் தருவித்தார்கள். பிறகு ஸ்கொட்லாந்து மீன் கைக்குக் கிட்ட இருப்பதைக் கண்டுகொண்டார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பாதுகாப்பு முறை பணக்கார ஆங்கிலேயரின் விருந்து மேசைக்கு ஏறியது. 2017இல் 'லண்டன் கியோர்' என்ற பெயரில் அந்தப் புகையூட்டும் முறைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியற் பாதுகாப்புக் குறியீடு கிடைத்தது. செய்த ஆளுக்குக் கதவு மூடிய அதே வருடத்தில் தொடங்கிய மீனுக்கு, 112 வருடங்களுக்குப் பிறகு, சட்டப் பாதுகாப்பு.

பிறிக் லேனின் தெற்குப் பக்கத்தில் வங்காளிகளின் கறிக் கடைகள். அக்கடைகளுக்கு வெளியாட்கள் வந்துகொண்டிருந்த 1978இல், மே மாதம் 4ஆம் திகதி, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற தையற் தொழிலாளி அருகிலுள்ள அட்லர் ஸ்ரீற்றில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாட்களுக்குப் பின் அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் பிரதமர் வாசஸ்தலம் வரை நடந்தார்கள். அதன் பிறகு வார இறுதிகளில் தேசிய முன்னணியினர் பத்திரிகை விற்கும் மூலையை மறித்து இருந்தார்கள். இளைஞர் அமைப்புக்கள் உருவாகின. பிறிக் லேன் ஓரளவுக்கேனும் பயமின்றி நடக்கக்கூடிய தெருவானது அப்படித்தான்.

"கறி விக்காமல் விட்டிருந்தால் அந்தத் தெருவிலை அவையள் இருந்திருக்கவே மாட்டினம்" என்றார் நண்பர். அது நியாயமான பேச்சு. கடை பிழைப்பைத் தந்தது, ஆட்களை ஓரிடத்தில் கூட்டியது, ஊர்வலத்துக்குப் போகுமுன் கூடிக் கதைக்க ஒரு மேசையைக் கொடுத்தது. இதை நான் மறுக்கவில்லை. கடைக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள் பாதுகாப்புத் தந்தார்கள் என்பதைத்தான் மறுக்கிறேன்.

3

சோகோவுக்கு வந்தபோது மூன்று மணியாகியிருந்தது. பழைய கொம்ப்ரன் வீதியில் 1887இல் தொடங்கிய கோப்பிக் கடையின் வாசலிலேயே வாசனை ஆளைப் பிடித்து இழுக்கும். அரைக் கிலோ வாங்கி, நின்றபடியே ஒரு சின்னக் கோப்பையும் குடித்தோம். அங்கிருந்து புரூவர் வீதியில் 1944இல் திறக்கப்பட்ட இத்தாலியக் கடைக்குப் போய்ப் பார்மசான் சீஸ் வெட்டுவித்தோம். ஒரு தட்டில் செஸ்ற்நட் மாவும் இருந்தது. இத்தாலிய மலைக்கிராமங்களில் கோதுமை வாங்க வழியில்லாதவர்கள் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்த மா. இன்று சின்னப் பை ஒன்றுக்குக் கேட்கிற விலையைப் பார்த்து நண்பர் சிரித்தார். "எங்கட ஒடியல் மாவுக்கும் இந்தக் காலம் வரும்."

1940 யூன் 10ஆம் திகதி முசோலினி போர்ப் பிரகடனம் செய்தான். அன்றிரவே பிரித்தானிய நகரங்கள் பலவற்றில் இத்தாலியரின் கடைகள் தாக்கப்பட்டன. ஐஸ்கிறீம் கடை, கோப்பிக் கடை, பலசரக்குக் கடை எல்லாம் அதற்குள் அடக்கம். எடின்பரோவிலும் லிவர்பூலிலும் தென் வேல்ஸிலும் சேதம் கடுமையானது. சோகோவில் அவ்வளவு இல்லை. இரண்டு நாட்களின் பின் ஜோர்ஜ் ஓர்வெல் தன் நாட்குறிப்பில், கண்ணாடி உடைந்த கடைகள் மூன்றுக்கு மேல் காணவில்லை என்றுதான் எழுதுகிறார். ஆனால் கூடவே இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறார். ஸ்பகெற்றி என்று பெயர் வைத்திருந்த கடை ஒன்று தன்னைப் பிரித்தானிய உணவுக் கடை என்று மாற்றி எழுதிக்கொண்டதையும், இத்தாலியப் பலசரக்குக் கடை ஒன்று இது முற்றிலும் பிரித்தானியருடையது என்ற தாள்களை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டதையும் சொல்கிறார்.

1958 ஏப்ரலில் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டதை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

தொடர்ந்து, 16 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட, இருபது வருடத்துக்குக் குறைவாக இங்கு வாழ்ந்த இத்தாலிய ஆண்களைக் கைதுசெய்ய உத்தரவு போனது. சமையற்காரரும் பரிசாரகரும் கடைக்காரரும் பிடிபட்டார்கள். அவர்களில் எழுநூறுக்கு மேற்பட்டோரை, ஜேர்மனிய, ஒஸ்ரியக் கைதிகளோடு, 'அரண்டோரா ஸ்ரார்' என்ற கப்பலில் ஏற்றி யூலை 1ஆம் திகதி லிவர்பூலில் இருந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை அயர்லாந்துக்கு அப்பால் ஜேர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கியது. இறந்தவர்களின் தொகை 800ஐத் தாண்டும். அதில் 440க்கு மேற்பட்டோர் இத்தாலியர். நீண்டகாலம் லண்டனில் வாழ்ந்த பாசிச எதிர்ப்பாளர் டெச்சியோ அன்சானி அவர்களில் ஒருவர். முசோலினிக்கு எதிராக வேலை செய்தவரை முசோலினியின் ஆள் என்று பிடித்துக் கடலில் தள்ளிய கதை அது. கிளார்க்கன்வெல்லில் இத்தாலியரின் சென் பீற்றர் தேவாலயத்தில் அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 1878ஆம் ஆண்டு தொடங்கிய இத்தாலியப் பலசரக்குக் கடை இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வருபவர்கள் ஒரே நடையில் இரண்டையும் பார்க்கலாம்.

கொம்ப்ரன் வீதிக்குத் திரும்பி வந்தபோது, நாங்கள் அன்று வந்த பாதையை நண்பருக்கு நினைவூட்டினேன். பிறிக்ஸ்ரன், பிறிக் லேன், பழைய கொம்ப்ரன் வீதி. இதே ஒழுங்கில் 1999இல் இன்னொருவன் போயிருக்கிறான். ஏப்ரல் 17, சனிக்கிழமை, பிறிக்ஸ்ரன் சந்தையில் ஆணிகள் நிரப்பிய குண்டு வெடித்தது. கைக்குழந்தை ஒன்றின் தலையில் ஆணி ஏறியது. ஏப்ரல் 24, அடுத்த சனிக்கிழமை, பிறிக் லேன். ஞாயிற்றுச் சந்தை சனிக்கிழமை கூடுமென்று பிழையாக நினைத்து வந்தபடியால் பதின்மூன்று பேர் காயத்தோடு போயிற்று. ஏப்ரல் 30, வெள்ளி, இந்தத் தெருவில் ஒருபாலுறவினர் கூடும் மதுச்சாலையில் மூவர் இறந்தார்கள். குண்டு வைத்தவன் நவநாசி. கறுப்பர், வங்காளிகள், ஒருபாலுறவினர் என்று தேர்ந்தெடுத்துப் போனவன். இனங்களுக்கிடையில் போர் மூட்டுவதே நோக்கம் என்று பிடிபட்டபின் சொன்னான்.

நல்ல சாப்பாட்டுக்கு என்று இந்த நகரத்துக்காரர் ஆசையாகத் தேடிப்போகும் தெருக்கள் எவையோ, வெறுப்பவனும் அவற்றைத்தான் தேடிப்போகிறான். இருவருக்கும் அடையாளம் காட்டுவது ஒரே பெயர்ப்பலகை.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை.

4

லெஸ்ரர் சதுக்கத்தில் ரயில் ஏறி ரூட்டிங் வந்தோம். இங்கே பட்டியல் தேவைப்படவில்லை. முருங்கைக்காய், பனங்கட்டி, மாசிக் கருவாடு, குரக்கன் மா, ஒடியல் மா என்று கை தானாக எடுத்துக் கூடையில் போட்டது. ஒடியல் மாவின் விலை அரிசிமாவின் விலையைத் தாண்டியிருந்தது. ஊரில் பஞ்சத்துக்குக் கைகொடுத்த மா.

இதுவரை மற்றவர்களுடைய கதையைச் சொன்னேன். எங்களுடையதைச் சொல்லாமல் விட்டால் கணக்குத் தீராது.

1983 யூலையில் கொழும்பில் எரிந்த கடைகளில் சைவக் கடைகள் எத்தனை! தோசைக்கும் வடைக்கும் காலையில் வந்து வரிசையில் நின்ற சிங்கள வாடிக்கையாளர் நிறைந்த கடைகள் அவை. எரித்தவர்களில் யாரும் அங்கே ஒருநாளும் சாப்பிட்டதில்லை என்று சொல்ல முடியுமா? அதே நாட்களில் தமிழரைத் தங்கள் வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றிய சிங்களவர்களும் இருந்தார்கள். அவர்கள் காப்பாற்றியது அயலவர்களை, கூட வேலை செய்தவர்களை, பிள்ளைகளோடு படித்தவர்களை. தோசைக்காக யாரும் யாரையும் காப்பாற்றவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். எழுபதுகளின் பிற்பகுதியில் ஐந்துசந்திப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் கடையில் நாங்கள் நாலைந்து மாணவர்கள் புட்டும் மாட்டிறைச்சிக் கறியும் சாப்பிடப் போவோம். சைவ வீட்டுப் பிள்ளைகள். சாப்பிட்டு முடிய வெற்றிலை போட்டு வாய் மணத்தை மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். நோன்பு காலத்தில் கஞ்சியும் பெருநாளில் வட்டிலப்பமும் அந்தக் கடையில் கிடைக்கும். கடைக்காரருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் 'காக்கா'.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து அந்த மாதத்தில் துரத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். அக்கடையில் சாப்பிட்ட எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை. நான் அப்போது இங்கே, பயமின்றிப் பேசக்கூடிய நாட்டில், இருந்தேன். என்றாலும் பேசவில்லை. 'தொப்பி பிரட்டி' என்று எங்கள் கூட்டங்களில் சொன்னார்கள். அந்தச் சொல்லையும் வடையோடு விழுங்கினோம்.

உணவு சந்தேகத்தின் கருவியாகவும் மாறும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், கறிக்குள் இருந்த மாக்கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லிக் கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். உடைத்தவர்கள் அந்தக் கடைக்குச் சாப்பிட வந்தவர்கள் மத்தியில் இருந்தே புறப்பட்டார்கள்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கடையில் விற்பவனும் வாங்குபவனும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள். வாங்குபவனுக்கு ருசியின்மேல் உள்ள விருப்பம் காசு கொடுத்ததோடு முடிந்துவிடுகிறது. விற்பவனுடைய உரிமை அதற்குள் வருவதில்லை. அந்த உரிமையை 1978இல் பிறிக் லேனில் இருந்தவர்களைப் போல, தெருவில் இருந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் புட்டும் இடியப்பமும் இந்த நகரத்தின் பிரபலமான சாப்பாடாகலாம். ஆகட்டும். ஆனால் அதைக் காட்டி, அகதிகளுக்கெதிராக அடுத்து வரும் சட்டத்தைப் பற்றிக் கவலையில்லை என்று இருப்போமானால், 1940 யூன் 9ஆம் திகதி இரவு கடையைப் பூட்டிவிட்டு நிம்மதியாக நித்திரைக்குப் போன இத்தாலியரின் நிலைதான் எங்களுடையதும். அதோடு எங்களிடம் சாமான் விற்கும் சோமாலியரையும் ஆப்கானியரையும் பற்றி நாங்கள் என்ன பேசுகிறோம் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். நாங்களும் மேசையின் அந்தப் பக்கம் நிற்கிறோம்.

காசு வாங்கிய பொடியன் மன்னார்ப் பக்கத்தவன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை என்றான். நண்பர் சும்மா இருக்க மாட்டாமல் கேட்டார்: "தம்பி, இங்கை வெள்ளைக்காரரும் வாறவையோ?"

"வருவினம் அண்ணை. கறிவேப்பிலை, மாம்பழம் எல்லாம் வாங்குவினம். நல்ல சனம்."

"உம்மட பேர் தெரியுமோ அவையளுக்கு?"

பொடியன் மீதிக் காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டே சிரித்தான். "நீங்களும் கேக்கேல்லைத்தானே அண்ணை."

நண்பர் பையைக் கீழே வைத்துவிட்டு, அவனுடைய பெயரைக் கேட்டார்.